கவிழ்ந்த படகு யாருடையது?

வணக்கம் ஐயா,

செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. பள்ளி விடுமுறையில் அவனோடு சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று மினரல் வாட்டர் பாட்டிலில் ஒரு படகு செய்தோம். பேசினில் விட்டதும் கவிழ்ந்தது. அழ ஆரம்பித்துவிட்டான். இரவு அவன் தூங்கிய பிறகு நானே பிரித்து ஒழுங்காகச் செய்து வைத்தேன். காலையில் ஒரு முறை மிதக்கவிட்டான், அப்புறம் தொடவே இல்லை. காகித விமானமும் இப்படித்தான் ஆனது. எனக்குக் கைவேலை வராது, அறிவியலும் பள்ளியோடு சரி. பேசாமல் ரோபோட்டிக்ஸ் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று மனைவி கேட்கிறார். என்ன செய்யலாம்?

க., கோலாலம்பூர்

அன்புள்ள க.,

உங்கள் மகன் அந்தப் படகை ஏன் தொடவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவன் தூங்கி எழுவதற்குள் அது அப்பாவின் படகாகிவிட்டது. கவிழ்ந்தாலும் முதலில் இருந்தது அவன் படகு. நல்ல மனதோடுதான் செய்தீர்கள், பிள்ளை அழும்போது கையைக் கட்டிக்கொண்டிருக்க எந்தத் தகப்பனாலும் முடியாது. ஆனால் இந்த விளையாட்டின் ருசியே இரண்டாவது தடவையில்தான் இருக்கிறது. ஏன் கவிழ்ந்தது என்று பார்த்து, ஒன்றை மாற்றி, மறுபடி தண்ணீரில் விடுவது இருக்கிறதே, அதை அவனுக்கே கொடுத்துவிடுங்கள்.

பாட்டில் உருண்டை. அதன் மேல் எதையாவது ஒட்டினால் கனம் மேலே போய்விடும், உருளத்தான் செய்யும். “எந்தப் பக்கம் சாஞ்சது? எங்க கனமா இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள், பதில் தெரிந்தாலும் சொல்லாதீர்கள். உள்ளே கொஞ்சம் கூழாங்கல் போடலாமே என்று அவனுக்குத் தோன்றலாம். இல்லாவிட்டால் இன்னொரு பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, ஐஸ்கிரீம் குச்சியும் ரப்பர் பேண்டும் கொண்டு கட்டச் சொல்லுங்கள். இரண்டு பாட்டில் சேர்ந்த படகு லேசில் கவிழாது.

அது மிதந்த பிறகு துடுப்பு. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு குச்சியைப் பின்பக்கம் நீட்டிக் கட்டி, இரண்டு குச்சிக்கும் நடுவே ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டிய துண்டை அதில் செருகி முறுக்கிவிட்டால் படகு தானே ஓடும். ஒரு பக்கம் முறுக்கினால் முன்னால் போகும், மறுபக்கம் முறுக்கினால் பின்னால் வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். படகு தன்னை நோக்கி வருவதைப் பார்த்து அவனே திகைக்கட்டும். பினாங்கில் நான் பார்த்து வளர்ந்த பழைய இரண்டடுக்கு ஃபெரிக்கும் முன் பக்கம், பின் பக்கம் என்று தனியாகக் கிடையாது, பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் திரும்பாமலே போய்வந்துகொண்டிருந்தது. அதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

படகு பேசினோடு இருக்கட்டும். பெரிய கால்வாயில் விட்டுப் பார்க்க அவனுக்கு ஆசை வரும், ஆனால் கோலாலம்பூர் மழையில் அவை எவ்வளவு வேகமாக நிறையும் என்று உங்களுக்குத் தெரியும். விளையாடி முடித்ததும் பேசின் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

காகித விமானத்தில் தப்பு உடனே தெரியும், திருத்துவதும் எளிது. மூக்கை நிமிர்த்தி மேலே போய், நின்று, தொப்பென்று விழுகிறதா? மூக்கில் கனம் போதவில்லை, ஒரு பேப்பர் கிளிப் மாட்டலாம். நேரே தரையில் குத்துகிறதா? இறக்கையின் பின்விளிம்பைச் சற்றே மேல்நோக்கி வளைத்துவிடலாம். பிள்ளைகள் மாங்காய்க்குக் கல்லெறிவது போல எறிவார்கள். தோள் உயரத்திலிருந்து மெல்லத் தள்ளிவிடப் பழக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். கிளிப்பையும் மாட்டி விளிம்பையும் வளைத்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். அறிவியல் பள்ளியோடு சரி என்கிறீர்கள், இதுவும் அறிவியல்தான்.

ரப்பர் பேண்டைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் 1871-இல் முறுக்கிய ரப்பரால் பறக்கும் சிறு விமானம் ஒன்றைப் பாரிஸில் பறக்கவிட்டார். அவர் வடிவமைப்பில் தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் கொண்டு செய்த ஒரு பறக்கும் பொம்மையை 1878-இல் மில்டன் ரைட் என்ற அமெரிக்கப் பாதிரியார் தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். பிள்ளைகள் வில்பரும் ஆர்வில்லும். பொம்மை உடைந்ததும் அதேபோல் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். பெரிதாகச் செய்தவை சரியாகப் பறக்கவில்லை. வளர்ந்த பிறகு அவர்கள் செய்த விமானம் 1903-இல் மனிதனோடு பறந்தது. அந்தப் பொம்மை வந்ததற்கு முந்தின வருஷம்தான் நம் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார்கள். பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! ரப்பர் பேண்டை முறுக்கும்போது பையனிடம் இதைப் பேசுங்கள்.

அடுத்து அட்டையில் ஒரு பொம்மைக் கார் செய்து பாருங்கள். அதில் ஒரே ஒரு இடத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். அச்சாக வைக்கும் சாத்தே குச்சியை (இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி) அட்டையோடு சேர்த்து டேப் போட்டுவிடுவார்கள், சக்கரம் சுற்றாது. அட்டையில் ஒட்ட வேண்டியது ஸ்ட்ராவை. குச்சி அதற்குள் தளர்வாகச் சுழல வேண்டும், பாட்டில் மூடிச் சக்கரம் குச்சியோடு இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டு அச்சும் இணையாக இல்லாவிட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். பலூனை ஊதி இன்னொரு ஸ்ட்ராவில் கட்டிப் பின்பக்கம் பார்த்து வைத்தால் ஓட ஆரம்பிக்கும்.

மூடியில் ஓட்டை போடுவது, கத்தி, சூடான பசை எல்லாம் உங்கள் வேலை. மற்றது அவனுடையது. டேப் கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

வகுப்பு விஷயம்: அவனுக்கு ஆசையும் உங்களுக்கு வசதியும் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். உங்களுக்குக் கைவேலை வராது என்பதற்காகச் சேர்க்க வேண்டாம். பதில் தெரியாத அப்பாவும் மகனும் தரையில் உட்கார்ந்து சேர்ந்து யோசிப்பதை எந்த வகுப்பிலும் கட்டணம் கட்டி வாங்க முடியாது.

செந்தூலிலிருந்து தித்திவங்சா ஏரிப் பூங்கா பக்கம்தானே, காற்று அதிகமில்லாத காலை நேரத்தில் விமானத்தோடு போய்வாருங்கள். கூடுதலாகத் தாளும் கிளிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.