ஓடுகிற ரோலரில் துணி வைக்கலாமா?

கேள்வி: ஆஃப்செட் அச்சு மெஷினில் பிளாங்கெட்டை (மையைக் காகிதத்துக்கு மாற்றும் உருளையின் ரப்பர் உறை) கழுவும்போது, நேரம் மிச்சம் என்று மெதுவாக ஓடவிட்டே துடைக்கிறோம். பல வருடப் பழக்கம். உண்மையிலேயே ஆபத்தா?

பதில்: ஆபத்தே அந்த 'மெதுவாக'வில்தான் இருக்கிறது. இரண்டு உருளைகள் உள்பக்கமாகச் சுழன்று சேரும் இடத்தில் துணியின் ஒரு நூல் சிக்கினால் போதும், விட்டுவிடலாம் என்று தோன்றுவதற்குள் விரல் உள்ளே போயிருக்கும். துணியை விரலில் சுற்றிப் பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். மெஷினை நிறுத்தி, தெரிகிற பகுதியைத் துடைத்து, கையை எடுத்த பிறகு இஞ்ச் பட்டனால் (மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் பட்டன்) கொஞ்சம் நகர்த்தி, மறுபடி நிறுத்தித் துடையுங்கள். துணியை நுனி தொங்காமல் தட்டையாக மடித்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்துபவரும் துடைப்பவரும் ஒரே ஆளாக இருக்கட்டும், மெஷின் சத்தத்தில் 'வேண்டாம்' என்பது 'ஓட்டு' என்று காதில் விழலாம்.

உருளைகளை மறைக்கும் பாதுகாப்பு மூடியை (கார்டு) திறந்தால் மெஷின் நிற்கிறதா? அப்படி நிறுத்துகிற சுவிட்சில் யாராவது டேப் ஒட்டி ஏமாற்றியிருந்தால் (அநேகமாக ஒட்டியிருப்பார்கள்) இன்றைக்கே பிய்த்துப் போடுங்கள். அப்புறம், தொளதொள கையுறை வேண்டாம், அதுவும் துணி மாதிரிதான் சிக்கும். சால்வென்ட் (மையைக் கரைக்கும் திரவம்) பட்ட துணிகள் மூடியுள்ள இரும்புத் தொட்டிக்குள் போகட்டும்.