தடைக்காலத்தில் வாரத் தவணை: பாம்பன் சகோதரிக்கு

மூன்று குழுக்கடன் தவணையைக் கட்ட நாலாவதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம் சகோதரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வாரத் தவணை மட்டும் நிற்காது. நீங்கள் கடல்பாசி எடுத்துச் சேர்க்கும் காசும் அதிலேயே கரைந்துவிடும்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரவே கூடாது. மாலை 6 மணிக்கு மேல் வசூலுக்கு வரவும் கூடாது. இரவு எட்டு வரை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள் என்றீர்களே, அது அப்பட்டமான விதிமீறல்.

தவணையைத் தள்ளி அமைக்கச் சொல்லி மூன்று நிறுவனங்களுக்கும் எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்புக்கு 14448 என்ற எண்ணில் பேசுங்கள். அப்புறம், முகம் கொடுத்துப் பேசாத குழுப் பெண்களிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். நீங்கள் கட்டாத பங்கையும் வசூலுக்கு வருபவர்கள் அந்தப் பெண்கள் தலையில் கட்டுகிறார்கள், கோபம் அதனால்தான்.