கென் தாம்ப்சன் – யூனிக்ஸ், பின்கதவு, யூடிஎஃப்-8: கேள்வி பதில்

கேள்வி: கென் தாம்ப்சன் மூன்றே வாரத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதிவிட்டாராமே?

பதில்: பாதி உண்மை. 1969இல் அவர் வேலைபார்த்த பெல் லேப்ஸ் ஆய்வகம், மல்டிக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்திலிருந்து விலகியது. அதன்பின் சக ஊழியர்கள் ரிச்சி, கனடே இருவரோடும் பேசி வடிவமைத்த ஃபைல் சிஸ்டம் பிடிபி-7 என்ற கணினியில் ஏற்கெனவே இருந்தது. அந்த மூன்று வாரங்களில் வாரத்துக்கு ஒன்றாக வந்தவை எடிட்டர், அசெம்பிளர் (நிரலை இயந்திரக் கட்டளையாக்குவது), கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி). அதுவரை நிரலை வேறொரு கணினியில் அசெம்பிள் செய்து, காகித நாடாவில் எடுத்துவர வேண்டும். அந்த அலைச்சல் ஒழிந்தது.

கேள்வி: சி மொழியும் இவருடையதுதானே?

பதில்: இல்லை, அது ரிச்சியுடையது. இவர் எழுதியது பி என்ற மொழி. 1972இல் சி மொழியில் கெர்னலை எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டார்; அப்போது சி மொழியில் ஸ்ட்ரக்சர் (பல தரவுகளை ஒன்றாகக் கட்டும் வசதி) கிடையாது. அது வந்தபின் 1973இல் வேலை முடிந்தது.

கேள்வி: சோர்ஸ் கோடில் (மனிதர் எழுதும் நிரலில்) எதுவுமே இல்லாமல் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) எப்படி இருக்க முடியும்?

பதில்: கணினித் துறையின் 1983 டூரிங் விருதுக்கான உரையில் இவரே விளக்கியது. சோர்ஸை இயந்திரம் ஓட்டும் பைனரியாக மாற்றும் கம்பைலரில் இரண்டு பொறிகள். லாகின் நிரலைக் கம்பைல் செய்தால் ரகசிய பாஸ்வேர்டு ஒன்றைச் சேர்க்கும். கம்பைலரையே கம்பைல் செய்தால் இரண்டு பொறிகளையும் மறுபடி நுழைக்கும். ஒருமுறை பைனரியாக்கிவிட்டு, சோர்ஸிலிருந்து அழித்துவிடலாம். பைனரி தலைமுறை தலைமுறையாகக் கடத்தும்.

கேள்வி: அப்படியானால் கண்டுபிடிக்க வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது, டேவிட் வீலர் விரிவாக நிறுவிய இரட்டைக் கம்பைல் முறை. சந்தேகக் கம்பைலரின் சோர்ஸை, தொடர்பே இல்லாத இன்னொரு கம்பைலரில் கம்பைல் செய்யுங்கள். கிடைத்த பைனரியைக் கொண்டு அதே சோர்ஸை மீண்டும் கம்பைல் செய்யுங்கள். இந்த இரண்டாவது பைனரியைத்தான், சந்தேகக் கம்பைலர் தன்னைத்தானே கம்பைல் செய்து தந்த பைனரியோடு பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும்.

கேள்வி: முதல் சுற்றிலேயே ஒப்பிட்டால் என்ன?

பதில்: பலர் சறுக்குவது இங்கேதான். வேறு கம்பைலர் வேறு மாதிரி இயந்திரக் கட்டளைகளைத் தரும், பொருந்தாது. இரண்டாம் சுற்றிலும் பொருந்தாவிட்டால் உடனே பின்கதவு என்று முடிவுகட்ட வேண்டாம். பைனரியில் பதியும் கம்பைல் நேரம், ஃபோல்டர் பாதை ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

கேள்வி: எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இவர் பங்கு?

பதில்: 1992 செப்டம்பரில் சக ஊழியர் ராப் பைக்கோடு சேர்ந்து வடிவமைத்தார். ஒரு குறியின் (எழுத்துக்கோ அதன் பகுதிக்கோ தரப்பட்ட யூனிகோடு எண்ணின்) முதல் பைட்டுக்குப் பின் வரும் தொடர் பைட்டுகள் எல்லாம் 128 முதல் 191க்குள் அடங்கும். எங்கிருந்து படித்தாலும் அடுத்த குறி தொடங்கும் இடம் தெரிந்துவிடும். ஆங்கில எழுத்துகளுக்கான பழைய ஆஸ்கி முறையின் பைட் எதுவும் நடுவே வராததால், ஃபைல் பாதையின் சாய்கோடு குழம்பாது. தமிழில் 'அ' 3 பைட். 'கி' என்பது 'க', இகரக் கொம்பு என இரண்டு குறிகள் என்பதால் 6. பைட் எண்ணிக்கையை வைத்து வெட்டினால் எழுத்து உடையும். குறி எண்ணிக்கையை வைத்து வெட்டினாலும் 'கி' வெறும் 'க' ஆகிவிடும்.