1:8-ஆ, 1:9-ஆ? குண்டின் நீளத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

கேள்வி: ஒட்டாவா பக்கம் இருக்கிறேன். 1,000 கெஜ இலக்குச் சுடுதலுக்காக 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கு ஒரு ரைஃபிள் செய்து வாங்கப் போகிறேன். 140 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டுதான் சுடுவேன், குளிர்காலத்திலும் பயிற்சி உண்டு. குழல் செய்பவர் 1:8, 1:9 என்று இரண்டு முறுக்கும் இருக்கிறது என்கிறார். எதை எடுக்கட்டும்?

பதில்: 1:8 எடுங்கள். காரணத்தையும் தெரிந்துகொண்டால், நாளைக்கு வேறு குண்டுக்கு மாறும்போது நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

குழலின் உட்புறத்தில் வெட்டியிருக்கும் திருகு வரிகள்தான் குண்டைச் சுழற்றும், அதைத்தான் முறுக்கு என்கிறோம். 1:8 என்றால், குழலுக்குள் 8 அங்குலம் போவதற்குள் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். எண் சிறியதாக இருந்தால் முறுக்கு வேகம். குட்டையான பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும். உயரமான பம்பரம் நிற்க இன்னும் வேகம் வேண்டும். குண்டும் அப்படித்தான். நீங்கள் எடையைச் சொல்லியிருக்கிறீர்கள், நீளத்தைச் சொல்லவில்லை. முறுக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நீளம். 1879-லேயே பிரிட்டிஷ் கணித அறிஞர் கிரீன்ஹில் தந்த விதி, குண்டின் விட்டத்தையும் நீளத்தையும் வைத்துத்தான் முறுக்கைக் கணக்கிட்டது.

இதைக் கவனிக்காமல் விட்டதற்கு ரெமிங்டன் நிறுவனம் விலை கொடுத்தது. 1955-ல் வின்செஸ்டரின் .243 தோட்டாவும் ரெமிங்டனின் .244 தோட்டாவும் சேர்ந்தே சந்தைக்கு வந்தன. குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், வெடிமருந்து கொள்ளும் இடம் .244-ல் சற்று அதிகம்கூட. ஆனால் வின்செஸ்டர் 1:10 முறுக்கு வைத்தது, ரெமிங்டன் 1:12. மான் வேட்டைக்காரர்கள் கேட்ட நீளமான 100 கிரெயின் குண்டுகளை அந்த மெதுவான முறுக்கில் நம்பிச் சுட முடியவில்லை. 1963-ல் 1:9 முறுக்கோடு, 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்குள் .243 வெகுதூரம் போய்விட்டது.

இனி உங்கள் கணக்கு. இன்று பரவலாகப் பயன்படுவது டான் மில்லரின் சூத்திரம். குண்டு எவ்வளவு நிலையாகப் பறக்கும் என்பதை அது ஒரு நிலைப்பு எண்ணாகத் தரும். அந்த எண் 1-க்குக் கீழே போனால் குண்டு தலைகுப்புறப் புரளும். இலக்கு அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் நீள்வாட்டமான கிழிசல் விழும். 1-க்கும் 1.5-க்கும் நடுவே இருந்தால் துளை வட்டமாகவே விழும், குறியும் ஓரளவு சேரும். ஆனால் குண்டு லேசாகத் தலையாட்டிக்கொண்டே போவதால் காற்றின் தடை கூடும். 100 கெஜத்தில் இது தெரியாது, 1,000 கெஜத்தில் தெரியும். ஆகவே 1.5-ஐ எட்டும் முறுக்கைத் தேடுங்கள்.

140 கிரெயின், 1.4 அங்குல நீளம், வினாடிக்கு 2,700 அடி வேகம் என்று வைத்துக்கொள்வோம். கடல்மட்டத்தில், 15 டிகிரி செல்சியஸில், 1:8 குழல் சுமார் 1.6 தருகிறது. 1:9 சுமார் 1.26. மைனஸ் 20-க்கு வாருங்கள்: குளிரில் காற்று அடர்த்தியாகும், எண் இறங்கும். 1:8 சுமார் 1.4-ல், அதாவது 1.5-க்குச் சற்றே கீழே நிற்கும், 1:9 சுமார் 1.1-க்கு வந்துவிடும். கல்கரி போல 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரானால் மெலிந்த காற்று அந்த இழப்பை ஏறக்குறைய ஈடுகட்டியிருக்கும். ஒட்டாவா தாழ்வான இடம், அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. நுனியில் பிளாஸ்டிக் இருக்கும் குண்டென்றால் கொஞ்சம் ஆறுதல்: அந்த நுனிக்கு எடை மிகக் குறைவு என்பதால் சூத்திரம் காட்டுவதைவிட உண்மை நிலை சற்று நன்றாகவே இருக்கும்.

ஈயம் இல்லாத முழுச் செம்புக் குண்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் 1:7.5 கேளுங்கள். செம்பு ஈயத்தைவிட லேசானது, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும்.

முறுக்கு கூடிப்போனால் கெடுதலா என்று பலரும் பயப்படுகிறார்கள். தேவைக்குக் கொஞ்சம் அதிகம் இருப்பதில் எனக்குக் கவலையே இல்லை. 1:8-ல் உங்கள் குண்டு நிமிடத்துக்கு 2,43,000 சுற்று சுற்றும், 1:7.5-ல் சுமார் 2,59,000. நல்ல இலக்குக் குண்டு இதைத் தாங்கும். மெல்லிய உறையுள்ள லேசான குண்டுகளை இதைவிட அதிவேகத்தில் சுட்டால்தான் பறக்கும்போதே சிதறும் ஆபத்து உண்டு. எடை ஒரு பக்கம் சாய்ந்த மட்டமான குண்டானால் குறியும் கொஞ்சம் பரவும். முறுக்கு குறைந்துபோனாலோ, அதே குண்டைச் சுடக் குழலை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

குழல் வந்ததும் ஒருமுறை அளந்து பாருங்கள். ரைஃபிள் காலியாக இருப்பதை உறுதி செய்து குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். கைப்பிடி தாராளமாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றி, கம்பியில் ஒரு அடையாளம் இட்டுத் தள்ளுங்கள். அடையாளம் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்ததோ, அதுதான் உங்கள் முறுக்கு. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள், துணி வழுக்கினால் அளவு தப்பும். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் சுடப்போகும் குண்டில் ஒன்றை வாங்கி, காலிப்பர் என்ற அளவுக் கருவியில் அதன் நீளத்தையும் அளந்துவிடுங்கள். நான் வைத்த 1.4 அங்குலத்தைவிட அது கணிசமாக நீண்டிருந்தால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் இறங்கும், அப்போது 1:7.5-க்கே போங்கள்.