அரசு கொடுக்கும் ஓய்வூதியமா?

கேள்வி: லஞ்சம் வாங்கியும் கையாடல் செய்தும் தண்டனை பெற்ற அதிகாரிகளுக்கு அரசு கொடுக்கும் ஓய்வூதியத்தை அடியோடு நிறுத்தினால் என்ன? அதற்கு நம் நாட்டில் சட்டமே இல்லையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: ஐயா, தங்கள் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் 'அரசு கொடுக்கும்' என்று தாங்கள் எழுதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இன்று பணியிலிருக்கும் அரசு ஊழியர் ஒவ்வொருவருடைய சம்பளத்திலும் 7.5 விழுக்காடு அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்காகப் பிடிக்கப்படுகிறது. அரசு தன் பங்காக 13 விழுக்காடும், சீருடைப் பணியினருக்கு 16 விழுக்காடும் செலுத்துகிறது. இவை இரண்டுமே செய்த வேலைக்கான ஊதியத்தில் அடங்குபவை. ஒரு பகுதி மாதந்தோறும் கைக்கு வருகிறது, மறுபகுதி முதுமைக்காகக் காத்திருக்கிறது. தங்களுக்கு மாதாமாதம் வரும் தொகையை யாரேனும் அரசின் கருணை என்று சொன்னால் தாங்கள் பொறுத்துக்கொள்வீர்களா? தவறு செய்தவரின் பணத்தைப் பற்றிப் பேசும்போதும் இந்த அடிப்படையை நாம் விட்டுவிடக் கூடாது.

சட்டம் இல்லை என்பதும் முழு உண்மையன்று. 1996-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் ஓய்வூதியச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு, திருட்டு, மோசடி, கவனக்குறைவு, முறைகேடு ஆகியவற்றால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பை ஊழியரின் ஓய்வூதியப் பலனிலிருந்து கழித்துக்கொள்ள இடமளிக்கிறது. ஊழியர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் நிரூபணமாகியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

ஓட்டை இருப்பது அங்கேதான். நீதிமன்றத் தீர்ப்பு வரப் பல ஆண்டுகள் ஆகின்றன. பதவி விலகல் கடிதம் எழுத ஒரு தாளும் ஐந்து நிமிடமும் போதும். ஒழுங்கு விசாரணைக்கு அழைப்பு வந்ததும் பதவி விலகி, சேர்ந்த தொகையைப் பெற்றுக்கொண்டு போய்விட்ட அதிகாரிகளின் கதைகளை இந்தப் பக்கத்தில் நான் பலமுறை எழுதியிருக்கிறேன். நிலைமை மாறும்வரை இன்னும் எழுதுவேன். பணம் கைமாறிய பிறகு தீர்ப்பு வந்து என்ன பயன்? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். அதற்கான கருவியும் கையில் இருக்கிறது: சிறப்புப் புலனாய்வுப் பிரிவு விண்ணப்பித்து, சிறப்புத் தீர்ப்பாயத்தின் ஆணையால் சில அதிகாரிகளின் ஓய்வூதியப் பலன்களை முடக்கி வைத்திருக்கிறது. அது ஏன் சிலரோடு நிற்க வேண்டும்? பெருந்தொகை சம்பந்தப்பட்ட ஒவ்வொரு விசாரணையிலும் அழைப்பாணையோடு முடக்க விண்ணப்பமும் போக வேண்டும் என்று துறைத் தலைவர்களைக் கட்டாயப்படுத்துவதே நான் கேட்கும் சட்டத் திருத்தம். ஓய்வூதியச் சேமிப்பை இரண்டாகப் பிரித்து வைக்கும், 2024 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த இருபங்கு முறையில் புதிய சேமிப்பின் மூன்றில் இரண்டு பங்கைப் பதவி விலகுவோர் ரொக்கமாக எடுக்க முடியாது. ஆனால் அதற்கு முன் சேர்ந்த பெருந்தொகைக்கு அந்தப் பூட்டு இல்லை.

மிக உயர்ந்த பதவியிலும் இதே வழி திறந்திருக்கிறது. கடுமையான சட்டமீறலுக்காகவோ முறைகேட்டுக்காகவோ நாடாளுமன்றத்தால் நீக்கப்படும் குடியரசுத் தலைவர் அப்பதவிக்குரிய எந்தப் பலனையும் பெறக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 89-ஆம் பிரிவு. 2018 பிப்ரவரி 14 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமா தாமாகவே விலகினார். ஆகவே அந்தப் பிரிவைப் பயன்படுத்தும் நிலையே எழவில்லை.

அடியோடு நிறுத்துவதற்கு வருகிறேன். அமெரிக்காவில் பொய்ச்சாட்சியத்துக்காக 1950-இல் தண்டனை பெற்ற ஆல்ஜர் ஹிஸ் என்ற முன்னாள் அதிகாரியின் மீதிருந்த கோபத்தில் 1954-இல் ஓய்வூதியப் பறிப்புச் சட்டம் ஒன்றை இயற்றினார்கள். அது அளவுக்கு மீறி விரிந்திருப்பதை உணர்ந்து, 1961-இல் நாட்டின் பாதுகாப்பு தொடர்பான குற்றங்களோடு அதைச் சுருக்கினார்கள். முன்தேதியிட்டுத் தண்டிப்பது செல்லாது என்று 1972-இல் நீதிமன்றம் சொன்னதால், யாரை நினைத்து அந்தச் சட்டம் எழுதப்பட்டதோ அந்த ஹிஸ்ஸுக்கே ஓய்வூதியம் திரும்பக் கிடைத்தது.

நம் டர்பனில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒரு பென்ஷனை நம்பி மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் வீடுகளைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். திருடிய தொகை முழுவதையும் வட்டியோடு பிடித்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு இரக்கமே இல்லை. எஞ்சியதையும் பறிப்பது, பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளையின் சோற்றில் கை வைப்பதாகும். விவாகரத்து ஆனால் துணைவரின் பங்கைக் கணக்கிட்டுத் தனியே தர இந்த நிதியால் முடிகிறது. சிறை சென்றவரின் வீட்டில் பிள்ளைகளோடு காத்திருக்கும் மனைவிக்கும் அதே கணக்கைப் போட்டு, அந்தப் பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு, பிறகு அரசு தன் இழப்பைக் கழித்துக்கொள்ளலாம்.