க்யூ6600: 3.6-இல் பூட் ஆகிறது, பிரைம்95-இல் நிற்கிறது

நண்பரே, உங்கள் இன்டெல் க்யூ6600 நான்கு கோர் பிராசஸரை ஓவர்கிளாக் செய்து (இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டி), எஃப்எஸ்பி (பிராசஸரை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) 400, பெருக்கி 9 என 400×9, அதாவது 3.6 கிகாஹெர்ட்ஸ் வைத்தால் விண்டோஸ் வருகிறது, பிரைம்95 என்ற சுமைச் சோதனையை ஓட விட்டதும் ஒரு கோர் மட்டும் பிழை காட்டி நின்றுவிடுகிறது என்கிறீர்கள். எடுத்த எடுப்பில் விகோரை (பிராசஸர் கோருக்குப் போகும் வோல்டேஜை) ஏற்றாதீர்கள்.

முதலில் 333×9-க்கு, அதாவது 3.0 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள். பயாஸில் ராம் ஆட்டோவில் இருந்தால் எஃப்எஸ்பியோடு சேர்ந்து அதுவும் ஏறியிருக்கும். எஃப்எஸ்பிக்கும் ராமுக்கும் உள்ள விகிதத்தை 1:1 ஆக்குங்கள். உங்கள் டிடிஆர்2-800 ராமுக்கு எஃப்எஸ்பி 400 வரை பிரச்சினையில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராபிக்ஸ் கார்டு செருகும் பாதை) வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸில் பூட்டிவிடுங்கள்.

இந்த சிப், ஒரே உறைக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு டூயல் கோர்கள். அவை ஒன்றோடொன்று பேசுவதும் எஃப்எஸ்பி வழியாகத்தான். அதனால் டூயல் கோர் அலட்டாமல் தாண்டும் வேகத்தில் குவாட் தடுமாறும். 3.0 நிலையாக நின்று, மேலே போகும்போது மட்டும் விழுந்தால் நார்த்பிரிட்ஜ் (எஃப்எஸ்பியைக் கையாளும் மதர்போர்டு சிப்) வோல்டேஜை ஒரு படி ஏற்றிப் பாருங்கள்.

அப்புறம்தான் விகோர். பயாஸில் வைத்ததைவிட, முழுச் சுமையில் சிபியு-இசட் (பிராசஸர் விவரம் காட்டும் நிரல்) குறைவாகக் காட்டும். அது வீட்ரூப், அதாவது சுமையில் வோல்டேஜ் சற்றுச் சரிவது; பயப்பட வேண்டாம். வெப்பம் காட்டும் கோர் டெம்ப் நிரலையும் திறந்து வையுங்கள். பெட்டியோடு வந்த கூலரில் 3.6 என்பது, என்னைக் கேட்டால், வீண் ஆசை.

சரி, இந்த சிப்பின் இரண்டு பதிப்புகளில் உங்களுடையது பி3-யா, ஜி0-வா? சிபியு-இசட்டில் ரிவிஷன் பார்த்துச் சொல்லுங்கள். ஜி0 என்றால் சூடு கொஞ்சம் குறைவு.