வாங்கர் குடும்பத்தில் வழி தவறியவருக்கு

ஸ்டீக் லார்சனின் ‘தி கேர்ள் வித் த டிராகன் டாட்டூ’ துப்பறியும் நாவலில் நூறு பக்கம் தாண்டியும் யார் யாரென்றே பிடிபடவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். தொடக்கத்தில் வரும் நிதி மோசடி, அவதூறு வழக்கையெல்லாம் நானும் மேலோட்டமாகத்தான் தாண்டினேன், பெரிய நஷ்டமில்லை. கதையின் மையமான வாங்கர் குடும்பத்தின் உறவுமுறையை மட்டும் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர், அதுதான் தலைவலி.

அப்புறம், 1966இல் அந்தக் குடும்பத்துப் பெண், பதினாறு வயது ஹாரியட் காணாமல் போன நாளை நிதானமாகப் படியுங்கள். அவர்கள் வாழும் தீவுக்குப் போகும் பாலம் டேங்கர் லாரி விபத்தால் அடைபட்டுக் கிடக்கிறது. யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாத இடத்தில் நடக்கும் ‘பூட்டிய அறை’ மர்மத்தையே தீவு அளவுக்கு விரித்திருக்கிறார் லார்சன். (கதை நடக்கும் ஹெடெஸ்டாடை வரைபடத்தில் தேடாதீர்கள், கற்பனை ஊர்.) இதைத் துப்பறியும் பத்திரிகையாளர் மிக்கேல் பழைய புகைப்படங்களைத் தோண்டும் இடம்வரை வந்துவிட்டால் போதும், அன்றிரவு தூக்கம் போச்சு.